நீங்கள் வெட்டி எறியும் நாணலும் ஜானகி அம்மாள் எண்ணிய நாணலும்

பொன்னமராவதி பக்கம் கண்மாய்ப் பாசனத்தில் வெள்ளாமை செய்பவர் என்றால், நாணலைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்மாய்க் கரை, வரத்துக்கால், கலுங்கை ஒட்டிய மணல்திட்டு என்று ஈரம் ஓடிய இடமெல்லாம் அது நிற்கும். மழைக்காலத்தை ஒட்டி வெள்ளைப் பஞ்சாகக் கதிர் விடும். இலையை இழுத்தால் கையைக் கிழிக்கும். வரப்பைத் தாண்டி ஒரு துண்டு வயலுக்குள் வந்துவிட்டால், அடுத்த வருடம் அது ஒரு புதராகிவிடும். மேலே அறுத்தால் கீழே மண்ணுக்குள் ஓடும் தண்டிலிருந்து மறுபடி முளைக்கும். சில ஊர்களில் இதைப் பேய்க்கரும்பு என்பார்கள். பெயரில் கரும்பு இருக்கிறதே தவிர, கடித்தால் சாறும் கிடையாது, இனிப்பும் கிடையாது.

ஆனால் அந்தப் பெயரை வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆலைக்கு நீங்கள் வெட்டி அனுப்பும் கரும்பின் ஒரு பக்கத்துப் பாட்டன் இந்த நாணல்தான். இந்தப் புல்லின் உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று கோயம்புத்தூரில் உட்கார்ந்து வருடக்கணக்கில் எண்ணிப் பார்த்தவர்களில் முக்கியமானவர் ஜானகி அம்மாள். அவரைப் பற்றி உங்கள் கைப்பேசிக்கு ஏதாவது ஒரு செய்தி ஏற்கெனவே வந்திருக்கலாம். இந்தியக் கரும்பை இனிப்பாக்கிய பெண் விஞ்ஞானி என்று அதில் போட்டிருப்பார்கள். நல்ல மனதோடு எழுதியதுதான், ஆனால் கணக்கு உதைக்கிறது. எங்கே உதைக்கிறது என்று பார்த்தால்தான் அவர் உண்மையில் செய்த வேலை கண்ணுக்குத் தெரியும். அதனால் அவர் பிறப்பதற்குச் சற்று தள்ளி, கரும்பிலிருந்தே தொடங்குவோம்.

பொங்கலுக்கு வாங்கும் செங்கரும்பையும் ஆலைக் கரும்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செங்கரும்பு தடிமனாக, மெதுவாக, பல்லுக்கு இதமாக இருக்கும். ஆனால் அதை வளர்ப்பது குழந்தை வளர்ப்பது மாதிரி. தண்ணீர் தவறக்கூடாது, காற்றுக்குச் சாயாமல் கட்ட வேண்டும், செவ்வழுகல் வந்தால் தாங்காது. பெரும்பாலும் வேரோடு பிடுங்கிக் கட்டாக்கி விற்றுவிடுவோம், மறுதாம்பு விடுவதில்லை. ஆலைக் கரும்பு அப்படியில்லை. பட்டை கடினம், நார் அதிகம், தூர் நிறையக் கட்டும், வெட்டிய கட்டையிலிருந்து மறுதாம்பு எழுந்து வரும், ஒரு தண்ணீர் தவறினாலும் தாக்குப்பிடிக்கும். இந்த முரட்டுக் குணங்களில் பெரும்பகுதி நாணல் கொடுத்த சீதனம்.

அந்தக் கல்யாணம் நடந்தது கோயம்புத்தூரில். 1912-ல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கப்பட்டது. கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கிற தட்பவெப்பம் அங்கே இருந்ததால்தான் அந்த ஊரைத் தேர்ந்தார்கள். நாம் கரணை நட்டுப் பழகியவர்கள், கரும்பு விதையை நம்மில் பலர் பார்த்ததே இல்லை. ஆனால் கரணையில் தாய்க் கரும்பின் நகல்தான் கிடைக்கும். புது ரகம் வேண்டுமென்றால் பூவும் விதையும் வேண்டும். நிலையத்தின் பொறுப்பில் இருந்தவர் சார்லஸ் பார்பர் என்ற ஆங்கிலேயர். வட இந்தியாவின் மெல்லிய நாட்டுக் கரும்பினத்துக்கு சக்காரம் பார்பரி என்று அவர் பெயரைத்தான் பின்னாளில் வைத்தார்கள். அவருக்கு உதவியாளராக இருந்து, பிறகு நிலையத்தின் தலைமைக்கு வந்தவர் டி.எஸ்.வெங்கட்ராமன். வெள்ளை என்ற தடிமனான இனிப்புக் கரும்பையும் கோயம்புத்தூர்ப் பக்கத்து நாணலையும் இவர்கள் ஒட்டுச் சேர்த்தார்கள். அதில் பிறந்ததுதான் கோ 205. 1918-ல் பஞ்சாபுக்காக வெளியிடப்பட்டது. தெற்கத்தித் தடிமன் கரும்பு வடக்கின் குளிரில் நிற்காது, வடக்கின் மெல்லிய கரும்பில் மகசூல் வராது என்ற சிக்கலுக்கு நாணல் ரத்தம் வழி காட்டியது. ரகத்தின் பெயரில் வரும் கோ என்பது கோயம்புத்தூர்தான். இன்று தமிழ்நாட்டில் பலரும் நடும் கோ 86032 வரை அந்தப் பெயர் தொடர்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஜானகி அம்மாள் பிறந்தது 1897 நவம்பரில், தலச்சேரியில். கோ 205 வெளிவந்த 1918-ல் அவருக்கு இருபது வயதுதான், சென்னையில் படித்துக்கொண்டிருந்த பெண். நாணலைக் கரும்போடு சேர்த்த முதல் காரியத்தில் அவருக்குப் பங்கு இல்லை. அவர் கோயம்புத்தூருக்கு வந்தது 1934-ல். பிறகு எதற்கு அவரைப் பற்றி இவ்வளவு பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். ஒட்டு போட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்று தெரியும், ஏன் கிடைத்தது என்பது முழுதாகத் தெரியாது. அந்த ‘ஏன்’ என்ற கேள்வியைத் தேடிப் போனவர்களில் ஒருவர்தான் இந்த அம்மாள்.

தலச்சேரியில் அவர் அப்பா நீதிபதியாக இருந்தவர். வீடு நிறையப் பிள்ளைகள். அப்பாவுக்குத் தோட்டத்திலும் பறவைகளிலும் பெரிய ஈடுபாடு உண்டு, பறவைகளைப் பற்றி எழுதியும் இருக்கிறார். மகளுக்குச் செடி கொடி மேல் வந்த ஆசை அந்த வீட்டில் முளைத்தது. சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்துத் தாவரவியலில் பட்டம் பெற்றார். பிறகு மகளிர் கிறித்தவக் கல்லூரியில் பாடம் நடத்தினார். கல்யாணப் பேச்சு எழுந்த வயதில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து ஆசியப் பெண்களுக்கான பார்பர் உதவித்தொகை வந்தது. இந்தப் பார்பர் வேறு, கரும்பு பார்பர் வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அவர் கப்பல் ஏறினார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

1931-ல் மிச்சிகனில் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட செடி எது தெரியுமா? நெல்லும் இல்லை, கோதுமையும் இல்லை. நிக்காண்ட்ரா என்ற ஒரு களைச்செடி. தக்காளி, கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தது, பெரு நாட்டிலிருந்து உலகம் முழுக்கப் பரவியது, நீலப்பூ பூக்கும். விற்றால் காசு வராத அந்தச் செடியின் குரோமோசோம்களைத்தான் அவர் ஆராய்ந்தார். ஊர் திரும்பித் திருவனந்தபுரத்தில் சில காலம் பேராசிரியராக இருந்துவிட்டு, 1934-ல் கோயம்புத்தூர் கரும்பு நிலையத்துக்கு வந்தார். அங்கேயும் அவர் கைக்கு வந்து சேர்ந்தது ஒரு களைதான்.

குரோமோசோம் என்றதும் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். இதைச் சுலபமாகவே புரிந்துகொள்ளலாம். செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் அதன் குணங்களை எழுதி வைத்த நூலிழை போன்றவை இருக்கின்றன. அவைதான் குரோமோசோம்கள். வேர் நுனியைக் கிள்ளி, மருந்தில் பதப்படுத்தி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால், செல் பிரியும் நேரத்தில் அவை குச்சி குச்சியாகத் தெரியும். அவற்றை எண்ண வேண்டும். மனிதனுக்கு 46. நெல்லுக்கு 24. செங்கரும்பு, வெள்ளை போன்ற தடிமன் கரும்புக்கு 80. எண்பது குச்சிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கிடப்பதைப் பிரித்து எண்ணுவது, கொட்டிக் கிடக்கும் எள்ளை எண்ணுவதற்கு ஒப்பான வேலை. கண்ணும் பொறுமையும் வேண்டும்.

நாணலில் கதை இன்னும் சிக்கல். ஒரே புல் என்று நாம் நினைப்பது ஒரே புல் இல்லை. இடத்துக்கு இடம் குரோமோசோம் எண்ணிக்கை மாறுகிறது. இன்றைய கணக்குப்படி 40-லிருந்து 128 வரை உள்ள நாணல்கள் உலகில் இருக்கின்றன. கோயம்புத்தூர் நாணலுக்கு 64. கோ 205-ன் அப்பா அதுதான்.

சாதாரணமாகத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வரும். வெள்ளைக் கரும்பின் 80-ல் பாதி 40, நாணலின் 64-ல் பாதி 32, கூட்டினால் 72 வர வேண்டும். ஆனால் கோ 205-க்கு 112. எப்படி? தாய்க் கரும்பு தன் பாதியைக் கொடுக்காமல் முழு எண்பதையும் கொடுத்துவிட்டது. எண்பதும் முப்பத்திரண்டும் சேர்ந்து நூற்றுப்பன்னிரண்டு. கரும்பு நாணலோடு சேரும்போது நடக்கும் இந்த விநோதத்தை ஜாவாவில் வேலை செய்த டச்சு விஞ்ஞானி பிரேமர் முதலில் விளக்கினார். ஜாவாவில் அப்போது செரே என்ற நோய் கரும்பை அழித்துக்கொண்டிருந்தது, அவர்களும் நாணல் வழி வந்த ரகங்களில்தான் தப்பினார்கள். தாய் முழுப் பங்கையும் கொடுப்பதால் ஒரு நன்மை உண்டு. பிறக்கும் பிள்ளையை மறுபடி இனிப்புக் கரும்போடு சேர்த்தால், இரண்டு மூன்று தலைமுறையில் இனிப்பு சீக்கிரம் ஏறிவிடும், நாணலின் முரட்டுத்தனமும் கொஞ்சம் தங்கிவிடும். இன்றைய ஆலைக் கரும்பின் குரோமோசோம்களில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு நாணலுடையவை. மீதியில் பெரும்பகுதி இனிப்புக் கரும்புடையது.

ஜானகி அம்மாள் செய்தது இந்த அறிவை விரிவாக்கியது. இந்தியாவின் பல பகுதிகளின் நாணல்களை எடுத்து எண்ணினார், எந்த வகை எங்கே வளர்கிறது என்று பார்த்தார். வழக்கமான இரண்டு பங்குக்குப் பதில் மூன்று பங்கு கொண்ட நாணல் பிறப்பதைக் கண்டு 1939-ல் எழுதினார். இந்த நாட்டு மண்தான் இந்தப் புல்லுக்குப் பிறந்த வீடு என்ற முடிவுக்கு அவருடைய வேலை வலுச் சேர்த்தது. இது வெறும் பெருமைக்கான விஷயம் இல்லை. ஒரு செடி எங்கே பிறந்ததோ அங்கேதான் அதன் வகைகள் அதிகம் இருக்கும். வறட்சி தாங்குவது, குளிர் தாங்குவது, உப்பு தாங்குவது என்று புதுக் குணம் தேடுகிறவர்கள் அங்கேதான் போக வேண்டும்.

அதோடு நிற்கவில்லை. கரும்பை வேறு எதனோடெல்லாம் சேர்க்க முடியும் என்று பார்க்கும் வேகம் அப்போது கோயம்புத்தூரில் இருந்தது. சீக்கிரம் விளையும் கரும்பு கிடைக்குமா என்று வெங்கட்ராமன் சோளத்தோடு சேர்த்தார். மூங்கிலோடும் சேர்த்தார்கள். அந்த மூங்கில் ஒட்டின் குரோமோசோம்களை எண்ணி ஜானகி அம்மாள் 1938-ல் நேச்சர் இதழில் எழுதினார். அதே வருடம் அதே இதழில், மக்காச்சோளத்தோடு கரும்பைச் சேர்த்த ஒட்டைப் பற்றியும் எழுதினார். தர்ப்பை என்று நம் பக்கம் சொல்லும் புற்களில் ஒன்றான இம்பெரேட்டாவோடும் சேர்த்துப் பார்த்தார். அதுவும் உலகம் முழுக்க விவசாயிகள் சபிக்கும் ஒரு களைதான். இந்த ஒட்டுகளில் ஒன்றுகூட நீங்கள் நடும் ரகமாக வரவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. நூறு ஒட்டுப் போட்டு ஒன்று தேறினாலே பெரிது என்பது இந்தத் தொழிலின் இயல்பு. எது எதனோடு சேரும், சேர்ந்தால் உள்ளே என்ன நடக்கும் என்ற விவரம் மிஞ்சியது. பின்னால் வந்தவர்கள் அதன்மேல் நின்று வேலை செய்தார்கள்.

களைப்புல்லைக் குரோமோசோம் எண்ணிப் படித்தது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை. குளிர் நாடுகளின் கோதுமை வயலில் புரோமஸ் என்ற புல்லினம் பெரிய தொல்லை. நம் சமவெளி வயல்களில் நீங்கள் அதைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதன் ஒரு வகை ஐரோப்பா, ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போய், மேற்குப் பகுதி மேய்ச்சல் நிலமெல்லாம் பரவியது. கோடை தொடங்கும் முன்பே காய்ந்து சருகாகி, காட்டுத்தீக்கு விறகாகிறது. அதே புல்லினத்தை எடுத்து ஜானகி அம்மாளின் காலத்திலேயே கலிபோர்னியாவில் லெட்யார்டு ஸ்டெபின்ஸ் என்ற விஞ்ஞானி ஆராய்ந்தார். அதில் 14, 28, 42, 56 என்று ஏழின் மடங்காகக் குரோமோசோம்கள் ஏறிக்கொண்டே போகும். புது இனம் எப்படிப் பிறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் புல் உதவியது. களைக்கு யாரும் உரம் போடுவதில்லை, மருந்து அடிப்பதில்லை, ஆனாலும் பிழைத்துக்கொள்கிறது. எப்படிப் பிழைக்கிறது என்ற கேள்விக்காகவே அதை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.

கோயம்புத்தூரில் அவருக்கு எல்லாம் நல்லபடியாக நடக்கவில்லை. தனியாக வாழ்ந்த பெண், தாழ்வாகக் கருதப்பட்ட தீயர் சமூகத்தில் பிறந்தவர், சுற்றி இருந்த சகாக்கள் ஆண்கள். அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் இந்த உரசலைக் குறிப்பிடுகிறார்கள். 1939-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போனார். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் உலகப்போர் நெருங்கிவிட்டது. போனவர் அங்கேயே தங்க நேர்ந்தது. கரும்பு நிலையத்தில் அவர் இருந்தது மொத்தம் ஐந்து வருடம்தான். அந்த ஐந்து வருடத்தை வைத்துத்தான் இன்று நாம் அவரைப் பேசுகிறோம்.

லண்டனில் ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் சேர்ந்தார். குண்டு விழும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் ஒதுங்கிவிட்டு, காலையில் உடைந்த கண்ணாடியைத் துடைத்துப்போட்டு வேலையைத் தொடர்ந்தார் என்று அவர் குடும்பத்தார் வழியாக வந்த செய்தி உண்டு. டார்லிங்டன் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-ல் வெளியிட்டார். பயிர் வாரியாக எண்ணிக்கையைத் தேடிப் பார்க்கலாம், நம் ஊர் அ-பதிவேடு மாதிரி. ஒட்டுச் சேர்க்கும் வேலையில் இருப்பவர்களுக்குப் பல காலம் அது கைப்புத்தகமாக இருந்தது.

போருக்குப் பின் விஸ்லி என்ற ஊரில் உள்ள அரச தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டத்தில் வேலை. அங்கே அவர் கையில் எடுத்த மருந்து உங்களில் சிலருக்குப் பழக்கமானதாகவே இருக்கும். கண்வலிக் கிழங்கு என்கிற செங்காந்தளை விதைக்காகச் சாகுபடி செய்கிறார்களே, அந்த விதையிலிருந்து எடுக்கும் கோல்சிசின்தான் அது. செடியின் குருத்திலோ விதையிலோ அளவாகப் பட்டால், செல் பிரியும்போது குரோமோசோம்கள் பிரியாமல் அங்கேயே தங்கி இரட்டிப்பாகிவிடும். இலை தடிக்கும், பூ பெரிதாகும். மேக்னோலியா மரங்களில் அவர் இதைச் செய்து பார்த்தார். அவர் பெயர் தாங்கிய ஒரு மேக்னோலியா ரகம் இன்றும் இருக்கிறது.

அவர் இங்கிலாந்தில் இருந்த காலத்தில் இந்தியாவில் நாணலுக்கு வேறொரு கதை ஓடிக்கொண்டிருந்தது. நாடு விடுதலையான நேரம், உணவுத் தட்டுப்பாடு. மத்திய இந்தியாவில் பெரும் பரப்பு நிலத்தை நாணல் பிடித்துக்கொண்டு உழ விடவில்லை. அங்கே அதற்குக் காஸ் என்று பெயர். மாட்டு ஏர் அதன் அடித்தண்டு வரை இறங்காது. அதை ஆழ உழுது புரட்டக் கனரக டிராக்டர்கள் வேண்டியிருந்தன. அவற்றை வாங்க 1949-ல் உலக வங்கியிடமிருந்து இந்தியா ஒரு கோடி டாலர் கடன் வாங்கியது. ஒரு புல்லை ஒழிக்க வெளிநாட்டுக் கடன்! கோயம்புத்தூரில் சர்க்கரைத் தொழிலுக்கே முட்டுக்கொடுத்த அதே புல் இதுதான். இரண்டில் எது சரி என்று என்னைக் கேட்டால், இரண்டும் சரிதான் என்பேன். வயலில் அது எதிரி, ஒட்டுக்கட்டும் கூடத்தில் அது உறவு. ஆனால் எதிரியை ஒழிக்கும்போது உறவும் சேர்ந்து போகுமே என்று கவலைப்படவும் ஒரு ஆள் வேண்டும்.

அந்தக் கவலை ஜானகி அம்மாளுக்கு வந்தது. நேருவின் அழைப்பின் பேரில் 1950-களின் தொடக்கத்தில் இந்தியா திரும்பினார். இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் பொறுப்பு அவருக்குத் தரப்பட்டது. பிறகு அலகாபாத், ஜம்மு என்று பல இடங்களில் பணி. உணவு தானியம் பெருக்க வேண்டும் என்று காடுகளையும் புதர்களையும் திருத்திய வேகத்தில், இன்னும் யாரும் பெயர் வைக்காத, எண்ணிப் பார்க்காத செடிகள் போய்க்கொண்டிருந்ததை அவர் கண்டார். 1955-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில், பூமியின் முகத்தை மனிதன் எப்படி மாற்றிவிட்டான் என்பது பற்றி ஒரு பெரிய கருத்தரங்கு நடந்தது. அழைக்கப்பட்டவர்களில் ஒரே பெண் அவர். அங்கே அவர் பேசியது, இந்தியாவில் மண்ணையும் காட்டையும் நம்பித் தன் தேவைக்குத் தானே விளைவித்து வாழ்கிறவர்களைப் பற்றி.

1970-ல் சென்னைக்கு வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தில் ஓய்வுக்குப் பிந்தைய ஆய்வாளர் பொறுப்பு. மதுரவாயலில் அந்த மையத்துக்கு இருந்த வயல் ஆய்வகத்திலேயே தங்கினார். எழுபதைத் தாண்டிய வயதில் மூலிகைகளை நட்டு வளர்த்து ஆராய்ந்தார். 1977-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டக் கூடாது என்ற போராட்டத்தில் அவரும் சேர்ந்து குரல் கொடுத்தார், அந்தக் காட்டுத் தாவரங்களின் குரோமோசோம் கணக்கெடுப்பிலும் இறங்கினார். 1983-ல் அணைத் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரியில் மதுரவாயலில் அவர் காலமானார். அந்த வருடம் நவம்பரில் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை.

அவர் வாழ்ந்த ஊர்களுக்குப் பக்கத்திலேயே அந்த வேலை தொடர்வதை நினைத்தால் எனக்கு ஒரு சந்தோஷம். கரும்பு இனப்பெருக்க நிறுவனம் உலகின் பல நாட்டுக் கரும்பு வகைகளை உயிரோடு நட்டுப் பாதுகாக்கும் தோட்டம் கண்ணூரில் இருக்கிறது, தலச்சேரி அதே மாவட்டம்தான். காட்டுப் புற்களோடு கரும்பைச் சேர்க்கும் வேலைக்கான அதன் மையம் அட்டப்பாடியில் அகளியில் இருக்கிறது, அமைதிப் பள்ளத்தாக்குக்கு அண்டை. நம் மாவட்டத்துக்குள்ளேயே உதாரணம் வேண்டுமென்றால் வம்பனுக்குப் போங்கள். அங்கே உள்ள தேசியப் பயறு ஆராய்ச்சி மையத்தில் வந்த உளுந்து ரகங்களில் சிலவற்றின் பிறப்பில் காட்டு உளுந்துக்குப் பங்கு உண்டு. மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் சக்தியைத் தேடித்தான் காட்டு உளுந்திடம் போனார்கள். மஞ்சளாகாமல் பச்சையாக நிற்கும் உளுந்தை உங்கள் வயலில் பார்க்கும்போது, அது யாருடைய பங்கு என்று இனி நினைத்துக்கொள்ளலாம்.

சரி, உங்கள் வயலில் புகுந்த நாணலை என்ன செய்வது? வயலுக்குள் அதற்கு இடம் கொடுக்காதீர்கள், அதில் சந்தேகமே வேண்டாம். சித்திரை, வைகாசி வெயிலில் சட்டிக்கலப்பை போட்டு ஆழமாக உழுது, அடித்தண்டுகளை மேலே கொண்டுவந்து வெயிலில் காயவிடுங்கள். பிறகு ஆள் விட்டுப் பொறுக்கி வயலுக்கு வெளியே குவித்துவிட வேண்டும். பலரும் செய்யும் தவறு, நேராக ரோட்டவேட்டர் போட்டுவிடுவது. ஒரு தண்டைப் பத்துத் துண்டாக நறுக்கி வயல் முழுக்க விதைத்த கதையாகிவிடும், கணு இருக்கும் துண்டெல்லாம் முளைக்கும். ஒரு கோடையில் முழுதாக ஒழியாது, இரண்டு கோடை தொடர்ந்து செய்ய வேண்டியிருக்கும். வரப்பில் நிற்பதைக் கதிர் விடும் முன்பே அறுத்துவிடுங்கள், பஞ்சு பறந்தால் விதையும் பறக்கும். இளம் இலையாக இருக்கும்போது மாடு தின்னும். களைக்கொல்லி என்று யோசித்தால், கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்காமல் உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

மடை வாயிலிலும் வரத்துக்காலிலும் நின்றால் தண்ணீர் ஓட்டத்தை மறிக்கும், அங்கேயும் எடுத்துவிடலாம். ஆனால் கண்மாய்க் கரையின் சரிவில் நிற்பதை வேரோடு பிடுங்கவோ தீ வைக்கவோ வேண்டாம். கரை மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான், ஐப்பசி மழையில் கரை அரித்தால் மண் அள்ளிப் போட வேண்டியது நாம்தான். தேவைக்கு மேலே அறுத்துக்கொண்டு, அடிக்கட்டையை அப்படியே விட்டுவிடுங்கள்.